இரண்டு தடவை ‘மசில் வலி’ என்று அனுப்பினார்கள், மூன்றாவது தடவை ஆபரேஷன்: வழக்குப் போடலாமா?

பட்டர்வொர்த் தம்பி | 3 ஜூன் 2025, இரவு 11.40

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. அண்ணனுக்காக எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது.

அண்ணன் பினாங்கில், பிறை என்ற ஊரில் ஒரு கேஸ் ஏஜென்சியில் லோரி ஓட்டினார். ஓட்டுவதோடு தோங் (கேஸ் உருளை) ஏற்றி இறக்குவதும் அவர் வேலைதான். 14 கிலோ கேஸ் என்று பெயர், இரும்போடு சேர்த்துத் தூக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில் நாலாவது மாடி வரை தோளில் வைத்துக்கொண்டு ஏறுவார். முதுகு வலித்தால் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்.

2022 தீபாவளி அக்டோபர் 24, திங்கட்கிழமை. அதற்கு முந்தின இரண்டு வாரமும் வீட்டுக்கு வீடு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள், கேஸுக்கு அடிதடி, அண்ணனுக்கு ஒரு நாள் லீவு இல்லை. செவ்வாய்க்கிழமை காலை படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. புதன்கிழமை, ஒரு காலில் இழுத்துக்கொண்டிருந்த வலி இரண்டு காலுக்கும் வந்துவிட்டது. வியாழக்கிழமை பெருநிலத்தில் ஓர் அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் போட விரும்பவில்லை. அவசரமில்லாதவர்களை உட்காரவைக்கும் கிரீன் சோனில் நாலு மணி நேரம். எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு, மசில் வலி என்று மாத்திரையும் இரண்டு நாள் எம்சியும் (மருத்துவ விடுப்பு) கொடுத்து அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை அண்ணி ஒன்றைக் கவனித்தார். அண்ணன் கழிவறைக்குள் போனால் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் பஞ்சுமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, நாற்காலியே தெரியவில்லை என்றார். அன்று இரவே மறுபடி போனோம். வேறு ஒரு டாக்டர். முந்தின நாள் சீட்டைப் பார்த்தார், அதே மருந்தை இன்னும் கொஞ்சம் எழுதினார், மூன்று வாரம் கழித்து ஆர்த்தோ கிளினிக்குக்குத் தேதி போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை மதியம் கால்சட்டை நனைந்திருந்தது. நனைந்ததே அண்ணனுக்குத் தெரியவில்லை. மூன்றாவது தடவையாக ஓடினோம். இந்த முறை பார்த்தது வயதில் மூத்த டாக்டர். பத்து நிமிடத்தில் டியூப் போட்டார்கள், ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. ராத்திரியே ஆம்புலன்ஸில் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு, எம்.ஆர்.ஐ., ஞாயிறு விடியற்காலை ஆபரேஷன். இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில் இருந்த டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது என்றார்கள். காடா ஈக்வைனா என்று ஒரு பெயர் சொன்னார்கள்.

இப்போது அவருக்கு 44 வயது. கைத்தடியோடு நடக்கிறார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை தானே டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கிறார். வேலை இல்லை. அரசாங்கத்தை எதிர்த்து ஜெயிக்க முடியாது, விட்டுவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது கவனக்குறைவா, விதியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிபோங் திபால்காரன் | 4 ஜூன், காலை 7.05

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. என் மாமாவுக்கும் ஸ்லிப் டிஸ்க் வந்தது. ஒரு மலாய்க்காரரிடம் உருட், அதாவது மசாஜ், போனார், மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. ஆரம்பத்திலேயே அங்கே போயிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | 4 ஜூன், காலை 9.20

உருட் பேச்சை இந்த இழையில் எடுக்காதீர்கள் ஐயா. இரண்டு காலிலும் வலி இருக்கும் ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தி, மறுநாள் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததை நர்ஸாக இருந்தபோது என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமாவுக்கு வந்தது வேறு, இது வேறு.

தம்பி, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம் அடி வரை ஒரே கயிறாக ஓடுவதில்லை. முதுகெலும்பின் இடுப்புப் பகுதி தொடங்குகிற இடத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் தனித்தனி இழையாகத் தொங்கும். பார்க்கக் குதிரைவால் மாதிரி இருக்கும், அந்த லத்தீன் பெயருக்கும் அதுதான் அர்த்தம். கால், மூத்திரப்பை, மலக்குடல், தாம்பத்தியம் எல்லாம் அந்த வாலை நம்பித்தான் இருக்கின்றன. சாதாரண ஸ்லிப் டிஸ்க்கில் ஒரு பக்கத்து இழை ஒன்று மாட்டும், ஒரு காலில் வலி வரும், பெரும்பாலும் தானாக அடங்கும். டிஸ்க் நட்டநடுவில் பிதுங்கினால் மொத்த வாலும் நசுங்கும். இது அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் சமாச்சாரம் இல்லை.

அடையாளங்களை நாங்கள் மனப்பாடமாக வைத்திருப்போம். இரண்டு காலிலும் வலி அல்லது மரப்பு. சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் முழுக்க உணர்ச்சி குறைவது. மூத்திரப்பை நிறைந்தது தெரியாமல் போவது, முக்க வேண்டியிருப்பது, அப்புறம் தானாகச் சொட்டுவது. உங்கள் அண்ணி சொன்ன பஞ்சு நாற்காலி இருக்கிறதே, பாடப்புத்தகத்தில்கூட அவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டார்கள்.

நோயாளியிடம் “மூத்திரம் வருகிறதா” என்று கேட்டால் போதாது. நம் ஆட்களிடம் நான் கேட்பது இப்படி: கழுவும்போது தண்ணீர் படுவது தெரிகிறதா? சட்டென்று முகம் மாறும். அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவர் அப்போதுதான் வாயைத் திறப்பார்.

பச்சை மண்டலம் | 4 ஜூன், மதியம் 1.48

நான் எம்.ஓ., அரசாங்க மருத்துவமனை டாக்டர், வேறு மாநிலம். எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

ஒரு ஷிஃப்டில் முதுகுவலி என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அதில் பாதிப் பேருக்கு எம்சிதான் மருந்து. இந்த நோயை நான் ஆறு வருடத்தில் உறுதியாகப் பார்த்தது மூன்று தடவை. அது எடுத்த எடுப்பிலேயே முழு வடிவில் வருவதும் இல்லை, மணிக்கு மணி மாறும். வியாழக்கிழமை பார்த்த டாக்டருக்குத் தெரிந்தது வெறும் வலி மட்டுமாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் டிஸ்க்கும் தெரியாது, நரம்பும் தெரியாது. இரவு நேர எம்.ஆர்.ஐ. எல்லா அரசாங்க மருத்துவமனையிலும் கிடைக்காது, ரெஃபர் செய்து படுக்கை கேட்டு ஆம்புலன்ஸ் பிடிக்க வேண்டும். முதல் நாள் டாக்டரைக் குறை சொல்ல நான் தயங்குவேன்.

வெள்ளிக்கிழமையை என்னாலும் நியாயப்படுத்த முடியவில்லை. 24 மணி நேரத்தில் திரும்பி வந்த ஆள், இரண்டு கால், உட்காரும் இடத்தில் மரப்பு. ஊசிமுனையால் ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி பார்க்க ஒரு நிமிடம் ஆகும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி அடிவயிற்றில் ஸ்கேன் வைக்க இரண்டு நிமிடம். உள்ளே 200 மில்லிக்கு மேல் தங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும். குறைவாக இருந்தால் நோயே இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. இரண்டும் செய்தார்களா என்று சீட்டில் பாருங்கள்.

சட்டக்கடை எலி | 4 ஜூன், இரவு 8.30

நான் வக்கீல் இல்லை. வக்கீல் அலுவலகத்தில் 11 வருடமாக ஃபைல் தூக்குகிறவன். அதனால் இதை ஆலோசனையாக எடுக்காமல், ஓட வேண்டிய திசையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, கவனக்குறைவா இல்லையா என்பதை அப்புறம் பேசலாம். முதலில் காலண்டரை எடுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் 1953-ஆம் வருடத்துக் காலவரம்புச் சட்டப்படி 6 வருடம். அரசாங்க மருத்துவமனைக்கு அந்தக் கணக்கு கிடையாது. பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம், 1948. 36 மாதம்தான். சம்பவம் வியாழன், 27 அக்டோபர் 2022. கூட்டிப் பாருங்கள். இந்த வருடத் தீபாவளி அக்டோபர் 20, அது முடிந்து ஒரு வாரத்தில் கதவு சாத்திவிடுவார்கள். எனக்கு அப்போது தெரியாது, பிறகுதான் புரிந்தது என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். காலவரம்புச் சட்டத்துக்கு வந்த 2018 திருத்தத்தில், பிறகு கண்டுபிடித்தவர்களுக்கு மூன்று வருட அவகாசம் என்று ஒன்று வந்தது. உடல் காயத்துக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கட்டடம் விரிசல் விட்டவருக்குக் கிடைக்கிற சலுகை, காலை இழந்தவருக்குக் கிடையாது. எனக்கு இன்னும் அது ஜீரணமாகவில்லை.

பட்டர்வொர்த் தம்பி | 4 ஜூன், இரவு 10.15

அண்ணே, கை நடுங்குகிறது. அஞ்சு மாதம்கூட இல்லையா? 2023-இல் மருத்துவமனைக்கு ஆன்லைனில் புகார் போட்டோம், அரசாங்கப் புகார்த் தளமான சிஸ்பாவில். கூப்பிட்டுப் பேசினார்கள், நேர்ந்ததற்கு வருந்துகிறோம் என்று கடிதமும் வந்தது. மெடிக்கல் கவுன்சிலுக்கும் எழுதலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் புகாரோடு கணக்கு நின்றிருக்காதா?

சட்டக்கடை எலி | 4 ஜூன், இரவு 10.31

நிற்காது. புகார், கடிதம், சந்திப்பு, காப்பி குடித்தது, எதுவும் கடிகாரத்தை நிறுத்தாது. வழக்கைப் பதிவு செய்தால்தான் நிற்கும். மெடிக்கல் கவுன்சில் டாக்டரின் நடத்தையை விசாரிக்கும், தண்டிக்கும். உங்களுக்கு ஒரு காசு வாங்கித் தராது. எழுதக்கூடாது என்று சொல்லவில்லை, அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

இந்த வாரமே மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பம் போடுங்கள். மூன்று வருகைக்கும் தனித்தனியாக, தீவில் ஆபரேஷன் செய்த இடத்துக்கும் சேர்த்து. அறிக்கை மட்டும் போதாது, டாக்டர் கைப்பட எழுதிய குறிப்பு, நர்ஸ் குறிப்பு, எம்.ஆர்.ஐ. சிடி எல்லாம் கேளுங்கள். கொடுக்க இழுத்தடித்தால் வழக்குக்கு முன்பே ஆவணம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது, 2012 நீதிமன்ற விதிகளில்.

இன்னொன்று. ஜெயித்தால் பாதி எனக்கு, தோற்றால் ஒன்றும் வேண்டாம் என்று யாராவது லாயர் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். பிரிட்டன் கதையெல்லாம் இணையத்தில் படித்திருப்பீர்கள். இங்கே 1976 வழக்கறிஞர் தொழில் சட்டம் அந்த ஒப்பந்தத்துக்கு இடம் தரவில்லை.

கப்பித்தான் 77 | 5 ஜூன், காலை 6.50

எல்லா டாக்டரும் காசுப் பேய்கள். அரசாங்க மருத்துவமனையில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) டிக்கெட்டுக்கு இதுதான் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | 5 ஜூன், காலை 8.02

அந்த ஒரு வெள்ளி டிக்கெட்டில்தான் அவருக்கு ராத்திரியோடு ராத்திரியாக நரம்பு ஆபரேஷனும் நடந்தது. திட்டுவதானால் சரியான ஆளைத் திட்டுங்கள்.

செந்தூல் அக்கா | 5 ஜூன், மாலை 5.40

தம்பி, உங்கள் அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்தது. 2017-இல், எனக்கு 38 வயது. கோலாலம்பூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு முதுகுவலி, ஒரு நாள் காய்கறிக் கூடையைத் தூக்கினேன், முடிந்தது. ஒன்றரை நாள் வார்டில் படுக்கவைத்து வலிக்கு ஊசி போட்டார்கள். மூத்திரம் வரவில்லை என்று நான் சொன்னபோது, ஊசி மருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அப்படியும் நடக்கும்தான், பொய் இல்லை. அதைச் சொல்லிவிட்டு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

நாலரை வருடம் ஆனது. தீர்ப்புக்கு முன்பு சமரசம் ஆகிவிட்டது, தொகையை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்போது மருத்துவமனையின் முதல் பதில், டாக்டர் எங்கள் ஊழியர் இல்லை, இங்கே அறை எடுத்து வைத்திருக்கும் தனி ஆள் என்பது. அந்தப் பதில் இனிமேல் அவ்வளவு சுலபமாகச் செல்லாது. 2024 பிப்ரவரியில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பைத் தனியார் மருத்துவமனை தட்டிக்கழிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. எனக்கு அது காலம் தாழ்ந்து வந்தது.

யாரும் எழுதாததை நான் எழுதுகிறேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் இதனால் ஒன்று போயிருக்கும். அதை அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், நீங்களும் கேட்க முடியாது. ஆனால் லாயரிடமும் டாக்டரிடமும் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் இழப்புதான், கணக்கில் வரும். நான் ஒரு வருடம் மறைத்தேன். கடைசியில் என் லாயர், நல்லவேளை ஒரு பெண், கதவைச் சாத்திவிட்டு நேராகக் கேட்டார். அன்று அழுத மாதிரி நான் ஆபரேஷன் அன்றுகூட அழவில்லை.

பச்சை மண்டலம் | 5 ஜூன், இரவு 9.12

அக்கா, மன்னியுங்கள். ஊசி மருந்தால்தான் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

சட்டக்கடை எலி, ஒரு சந்தேகம். போலம் என்ற பழைய பிரிட்டிஷ் வழக்கின் கணக்குப்படி, என்னைப் போல இன்னும் நாலு டாக்டர் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நிரூபித்தால் முடிந்ததுதானே? ஃபூ ஃபியோ நா வழக்கு அதைத் தூக்கிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள்.

சட்டக்கடை எலி | 5 ஜூன், இரவு 11.05

பாதி சரி. ஃபூ ஃபியோ நா வழக்கும் முதுகெலும்பு வழக்குதான், கழுத்துப் பகுதி. 1982-இல் சாலை விபத்து, ஆபரேஷனில் வைத்த கம்பி தண்டுவடத்தை அழுத்தி உடல் செயலிழந்தது. கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2006 டிசம்பர் கடைசியில். 24 வருடம்! அதில் சொன்னது, ஆபத்தை நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் கடமையில் டாக்டர்கள் கூடித் தங்கள் அளவுகோலைத் தாங்களே வைத்துக்கொள்ள முடியாது என்பது. நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சையிலும் எந்த அளவுகோல் என்ற குழப்பம் அப்புறமும் ஓடியது. 2017-இல் சுல்ஹஸ்னிமார் வழக்கில் அதே நீதிமன்றம் பிரித்துச் சொன்னது: கண்டறிதலுக்கும் சிகிச்சைக்கும் பழைய போலம்தான், போலித்தோ என்ற பிந்தைய பிரிட்டிஷ் வழக்கு வைத்த கடிவாளத்தோடு. அதாவது நாலு டாக்டர் வந்து நாங்களும் அப்படித்தான் செய்திருப்போம் என்றால் போதாது, அவர்கள் சொல்வது தர்க்கத்துக்கு நிற்கிறதா என்று நீதிபதி பார்ப்பார்.

தம்பி வழக்கில் கேள்வி இப்படி வரும். இரண்டு காலிலும் வலி, உட்காரும் இடத்தில் மரப்பு என்று சொன்ன ஆளைத் தொட்டுப் பார்க்காமல் மூன்று வாரத் தேதி கொடுத்து அனுப்புவதைப் பொறுப்புள்ள எந்த டாக்டர் சரி என்பார்? என் கணிப்பு, யாரும் வர மாட்டார்கள். ஆனால் ‘சொன்ன ஆள்’ என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

பட்டர்வொர்த் தம்பி | 14 ஜூன், இரவு 11.58

அறிக்கை வர நாளாகும் என்கிறார்கள். கையில் இருந்த சீட்டுகளைத் தேடி எடுத்தேன். வியாழன், வெள்ளி இரண்டிலும் ஒரே வரி: பி.யு., பி.ஓ. நார்மல். அப்படியென்றால் என்ன?

அப்புறம் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர் சொன்னது இது. வெள்ளிக்கிழமை அந்த டாக்டர் மூத்திரம் சரியாகப் போகிறதா என்று மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கென்சிங் ஓகே?” அண்ணன் “ஓகே” என்றாராம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். டாக்டர் சின்னப் பெண், நம் மகள் வயது, பக்கத்தில் அண்ணியும் நீயும் நிற்கிறீர்கள், சொட்டுச் சொட்டாக வந்துகொண்டுதானே இருந்தது, வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்றார்.

பஞ்சு நாற்காலி விஷயத்தை அண்ணி முகப்பில் இருந்தவரிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உள்ளே டாக்டரிடம் சொன்னோமா என்பது எனக்கே நிச்சயம் இல்லை. எல்லாம் போச்சா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | 15 ஜூன், காலை 6.15

பி.யு. என்றால் மூத்திரம் போகிறது, பி.ஓ. என்றால் வெளிக்குப் போகிறது. நார்மல் என்றால் கேட்டேன், சரி என்றார் என்று அர்த்தம். கேட்காமலே எழுதும் கையும் உண்டு, என் காலத்திலேயே உண்டு.

அண்ணனைக் குற்றம் சொல்லாதீர்கள் தம்பி. பை நிறைந்து வழியும்போது சொட்டத்தான் செய்யும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது சொட்டுவதாகத்தான் தெரிந்தது. நிறைந்தது தெரியாமல் போவதுதானே நோயே! நிறைந்திருக்கிறதா என்று அவரிடமே கேட்டு அந்தப் பதிலை நம்புவது, செவிடரிடம் மணி அடித்ததா என்று கேட்பது போல. அதற்குத்தான் கையும் ஸ்கேனும் இருக்கின்றன.

பச்சை மண்டலம் | 15 ஜூன், காலை 10.40

மிஸ்ஸி சொல்வது சரி. ஆனால் எதிர்த்தரப்பு எங்கே பிடிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தவறு நடந்தது என்பது ஒரு பாதி. அந்தத் தவறு நடக்காதிருந்தால் அண்ணன் இன்று எப்படி இருந்திருப்பார் என்பது மறு பாதி. சிறுநீர் கொஞ்சமாவது கட்டுப்பாட்டில் இருக்கும்போது ஆபரேஷன் செய்தவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறார்கள். முழுசாக அடைத்து உணர்ச்சி போன பிறகு செய்தால் தேறுவது குறைவு. 48 மணி நேரம் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு 2000-ஆம் ஆண்டு வந்த ஒரு தொகுப்பாய்விலிருந்து வந்தது. 48 மணி நேரம் சும்மா இருக்கலாம் என்று அது சொல்லவில்லை.

வெள்ளி இரவு அவருக்கு அரைகுறையாகவாவது நரம்பு வேலை செய்துகொண்டிருந்தது, சனிக்கிழமைதான் முழுசாகப் போனது என்றால் உங்கள் பக்கம் பலம். வியாழக்கிழமையே முழுசாகப் போய்விட்டது என்றால், சீக்கிரம் பார்த்திருந்தாலும் இதே கதிதான் என்பார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை சொட்டுச் சொட்டாக வந்ததுகூட, முக்கினால் வந்ததா, தானாக வந்ததா என்பதைப் பொறுத்து இரண்டு பக்கமும் வெட்டும்.

சட்டக்கடை எலி | 15 ஜூன், மதியம் 12.20

இதைச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டும், முதுகெலும்பு அறுவை மருத்துவர். உள்ளூரில் இன்னொரு டாக்டரைப் பற்றி எழுத எளிதில் சம்மதிக்க மாட்டார்கள், இதற்குத்தான் எங்கள் அலுவலகத்தில் மாதக்கணக்கில் போன் அடிப்போம். இதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எதிர்கால வருமானத்துக்கு 1956 சிவில் சட்டத்தில் சூத்திரம் இருக்கிறது. காயம்பட்டபோது வயது 31-க்கும் 59-க்கும் நடுவில் என்றால் 60-இல் வயதைக் கழித்து இரண்டால் வகுப்பார்கள். அண்ணனுக்கு அப்போது 41. 19-ஐ வகுத்தால் ஒன்பதரை வருடம். சம்பளம் 2,600 வெள்ளி என்று வைத்தால் வருடத்துக்கு 31,200, மொத்தம் 2,96,400. அதிலிருந்து அவருடைய சொந்த வாழ்க்கைச் செலவைக் கழிப்பார்கள். டிஸ்க் நழுவியவர் எப்படியும் தோங் தூக்கியிருக்க முடியாது என்று வாதம் வரும், அதையும் எதிர்பாருங்கள். வலிக்கும் வேதனைக்கும் தனி. டியூப், பம்பர்ஸ், பராமரிப்பு, போக்குவரத்து எல்லாம் தனி, அதனால் ரசீது முக்கியம். பத்து லட்சம் வெள்ளிக்கு உட்பட்டால் செஷன்ஸ் கோர்ட், மேலே போனால் ஹைகோர்ட்.

செந்தூல் அக்கா | 15 ஜூன், இரவு 8.44

வழக்கு நடக்கும்போது அடுப்பு எரிய வேண்டுமே? தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இயலாமைப் பென்ஷனுக்கு மனு போட்டாச்சா? வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இனி முடியாது என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும், சந்தா மாதங்களும் சரியாக இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. கார்டு, சேமநிதியான இ.பி.எஃப்.-இல் உடற்குறைக்கான பணமெடுப்பு, இதையெல்லாம் நான் இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் போனைத் தேடுங்கள். அந்த மூன்று நாளில் யாருக்கு யார் என்ன வாட்ஸ்அப் அனுப்பினீர்கள்? எனக்கு உதவியது, நள்ளிரவில் என் தங்கைக்கு நான் அனுப்பிய ஒரு வரிதான்: “இன்னும் ஒண்ணுக்குப் போகல, நர்ஸ் அப்புறம் வரேங்குறா.” மருத்துவமனைக் குறிப்பில் அந்த நேரத்துக்கு ஒன்றுமே இல்லை.

நிபோங் திபால்காரன் | 16 ஜூன், காலை 7.30

உருட் பற்றி எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. மாமாவுக்குப் போன் போட்டேன். இரண்டு காலிலும் வலி வந்தால் நேராக ஜி.எச். போ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பட்டர்வொர்த் தம்பி | 19 ஜூலை, இரவு 10.25

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஜார்ஜ்டவுனில் ஒரு லாயர் கிடைத்துவிட்டார், மருத்துவ வழக்கு மட்டும் பார்ப்பவர். முதல் கேள்வியே தேதிதான். அக்டோபர் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிடுவோம், கடைசி வாரம் வரை இழுக்க மாட்டேன் என்றார். குறிப்புகள் கேட்டுக் கடிதம் போய்விட்டது. நிபுணர் இன்னும் அமையவில்லை, இருவர் மறுத்துவிட்டார்கள். அண்ணனைத் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். என்னையும் அண்ணியையும் கீழே காப்பிக் கடைக்கு அனுப்பிவிட்டார். அக்கா, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சொக்சோவுக்கு மனு போட்டிருக்கிறோம்.

போன் விஷயம். என் வாட்ஸ்அப்பில் ஒன்றும் இல்லை, நான் எல்லாவற்றையும் அழிக்கும் ஆள். அண்ணி வெள்ளிக்கிழமை இரவு ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அவர் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தாராம். அந்தப் போன் கண்ணாடி உடைந்து அலமாரியில் கிடந்தது. சார்ஜர் தேடி வாங்கி மாட்டினோம், இருபது நிமிடம் கழித்து உயிர் வந்தது. 28 அக்டோபர் 2022, இரவு 9.47. பின்னால் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்கிறது. அண்ணி சொல்கிறார்: “டாக்டர்கிட்ட சொல்லிட்டேங்கா, உக்கார்ந்தா நாற்காலியே தெரியலையாம்னு. அந்தப் பொண்ணு சரி சரின்னு எழுதிக்கிட்டிருக்கு.”

யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம், போனை அப்படியே கொண்டு வாருங்கள் என்றார் லாயர். திங்கட்கிழமை காலை முதல் ஃபெரியில் போகிறோம். அண்ணனும் வருகிறேன் என்கிறார்.